அம்மா தாண்டிய துவக்கு

நம் லயத்துப் பொடியன்கள் இப்போது மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை அறுத்து, வேறு ஏதோ ஒரு குழாயை ஒட்டி, மலைக்கு மலை எதிரொலிக்க ஓட்டுகிறார்கள். நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு, காலம் கெட்டுப்போச்சு என்று திட்டுகிறீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. என்னோடு கொழுந்து எடுத்தவர்களே, நல்லா இருக்கிற சாமானை அறுத்து ஒட்டிக் கெடுக்கிற புத்தி நம் ஆண்களுக்கு நேற்றா வந்தது? பெரிய கங்காணியின் துவக்கை மறந்துவிட்டீர்களா? மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகப் படியுங்கள்.

உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தோட்டம். எங்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதமும் இல்லாமல் போயிருந்த காலம். தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் வந்து, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி சத்தம் போட்டால் ஆட்கள் வேறு பக்கம் திரும்பி வெற்றிலை துப்புகிற அளவுக்கு நிலைமை மாறியிருந்தது. கங்காணிக்கு முன்பு இருந்தவற்றில் மூன்றுதான் மிச்சம்: கறுப்புக் கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு, அந்தத் துவக்கு.

துவக்கு நல்ல துவக்குத்தான், அதைச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு நீளம். அடிக்கட்டை கறுத்து வழவழவென்று, வெல்லப்பாகு தடவியதுபோல் மின்னும். மாட்டுக்கொம்பில் கரிமருந்து வைத்திருப்பார்கள். வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பைத் திணித்து, நீளக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். பன்றிக்கென்றால் மேலே ஈயத்துண்டும் போடுவார்கள். சுட்டால் கூழ்முட்டை நாற்றம் மலை முழுக்க நிற்கும். அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும். அந்த நாற்றம் வந்தால் திருவிழா என்று அர்த்தம்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா நடக்கும். கீழே ஓடைக்கரையில் கரகம் சோடிப்பார்கள். பூசாரி தலையில் கரகம் ஏறுகிற அந்த நிமிடத்தில் துவக்கு வெடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேல் லயங்களில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் குடத்தோடு வாசலுக்கு வருவார்கள். துவக்கு கங்காணியுடையது. ஆனால் வெடிப்பது என் அப்பா. காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஒவ்வொரு வருடமும் அவர்தான்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. ஒரே வீச்சு, கிளை சாய்வாகப் போகும், பட்டை பிய்யாது. வளைந்த கத்தியைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரலின் அடியில் காய்ப்பு ஏறி, அரைப் பாக்கை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். நான் சிறு பிள்ளையில் அதை நகத்தால் தட்டி விளையாடுவேன், டொக் டொக்கென்று கேட்கும். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறை, அந்தக் காம்பரா, அப்பா பேரில் இருந்தது. அந்தக் கை இருந்தால்தான் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர், பேர் இருந்தால்தான் காம்பரா. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், அம்மா வயிற்றில் நின்றும் நிற்காமலும் போன பிள்ளைகள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுதல் எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு கேலியில். எங்கள் கண்டாக்கு ஐயா, வேலை பார்த்துக் கணக்கு எழுதும் உத்தியோகக்காரர், புதிதாக ஒரு துவக்கு வாங்கியிருந்தார். இடுப்பில் மடங்கும் துவக்கு. பின்பக்கம் தோட்டாவைப் போட்டு டக்கென்று மூடலாம். ஒருநாள் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது அவர் சொன்னார்:

“என்ன கங்காணி, ஒங்க துவக்கு ஒலக்க போட்டு நெல்லு இடிக்கிற மாதிரில்ல இருக்கு? வீட்டுல பொம்பளைங்க கிட்ட குடுத்துருங்க, இன்னும் நல்லா இடிப்பாங்க.”

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணியும் சிரித்தார். சிரித்த வாய் மூடவில்லை, அடுத்த ஞாயிறே நுவரெலியாவுக்கு ஆள் அனுப்பி மருமகனை வரவழைத்தார்.

அந்த மருமகனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லொறி கராஜில் வேலை. தலையில் எண்ணெய் வழியும், சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி குத்தியிருக்கும், டாக்டர் குழாய் மாட்டியதுபோல. லொறிக்குச் சக்கரம் கழற்றுகிறவனுக்குத் துவக்கு என்ன, கப்பல் என்ன, எல்லாம் ஒன்றுதான். கங்காணி வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து, துவக்கை மடியில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

“மாமா, இது பின்னால அடைச்சிருக்குற பக்கத்த அறுத்துட்டு, திருகு மூடி ஒண்ணு போட்டுட்டா, கண்டாக்கு துவக்கு இதுக்குக் கிட்ட வர ஏலாது.”

“தாங்குமா மாப்ள?”

“என்னா மாமா, லொறிய மலையேத்துற சாமான் இது. ஒங்க பட்டாசத் தாங்காதா?”

துவக்குக்குப் பின்பக்கத்தை அடைத்து வைத்தவன் மடையன் அல்ல. அவன் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் அடைத்தான். அதை அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மீசையும் கேட்கவில்லை. துவக்கை எடுத்துக்கொண்டு போய், கொஞ்ச நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். பின்பக்கம் பித்தளை மூடி பளபளத்தது. பழைய குழாய்க்கும் புது மூடிக்கும் நடுவே ஈயம் உருக்கி ஊற்றியது, மூக்குச்சளி காய்ந்ததுபோல் வழிந்து நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன். ஆண்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பெண் பிள்ளையின் கன்னத்தைக்கூட அவர்கள் அப்படித் தடவியதில்லை.

“வெள்ளக்காரன் வேல மாதிரியே இருக்கு” என்றார் பூசாரி. பூசாரிக்கு வெள்ளைக்காரன் வேலையைப் பற்றி என்ன தெரியும்? துரை பங்களாவில் புல் பிடுங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கம்பிக்கு இனி வேலை இல்லை என்று அந்த நீளக் கம்பியைக் கங்காணி வீட்டில் துணி காயப்போடக் கட்டிவிட்டார்கள். ரொம்ப காலம் அது அங்கேதான் கிடந்தது. அந்தத் துவக்கில் உருப்படியாக மிஞ்சியது அதுதான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அப்பாதான் வெடித்தார். நாங்கள் பிள்ளைகள் கொய்யா மரத்தடியில் நின்றோம். சத்தம் முன்னைவிடப் பெரிதுதான். ஆனால் புகை முன்னாலும் போனது, பின்னாலும் வந்தது. அப்பா திரும்பியபோது வலது பக்க மீசையும் புருவமும் பொசுங்கிச் சுருண்டிருந்தன. கன்னத்தில் கரிப்பொட்டு. கோழி பொசுக்கிய வாடை.

எல்லாரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார்கள்.

“புதுப் பொண்டாட்டி நாலு நாளைக்குக் கடிக்கத்தான் செய்வா” என்றார் கங்காணி.

“ஒரு பக்கத்து மீச போனா என்னா, மத்தப் பக்கம் இருக்குல்ல” என்றான் மருமகன்.

அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கன்னம் எரிய எரிய, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரை வாசலில் உட்காரவைத்தாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டு அவர் கன்னத்தில் தடவினாள். தடவிக்கொண்டே சொன்னாள்:

“பொக முன்னால போனா அது துவக்கு. பின்னால வந்தா அது அடுப்பு. அடுப்ப யாராச்சும் மூஞ்சியில வச்சு ஊதுவாங்களாங்க?”

“ஒனக்கு என்னாடி தெரியும்? கொஞ்சம் மூடி லூசு. இன்னும் ரெண்டு திருகு திருகுனா சரி.”

“அப்ப திருகுனவனையே வெடிக்கச் சொல்லுங்க.”

“காப்பு கட்டுனது நானு.”

“காப்பு கையிலதான கட்டியிருக்கு? கை இருந்தாத்தான காப்பு?”

அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். ஆண்களுக்குப் பதில் இல்லாதபோது பசியும் இருக்காது.

அம்மா சும்மா இருக்கவில்லை. கங்காணியின் மனைவியிடம் போனாள். அந்த அம்மாள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு, “ஆம்பளைங்க சாமானுல நம்ம ஏன் புள்ள தலையிடணும்?” என்று சொல்லி, ஒரு கை அவல் கொடுத்து அனுப்பிவிட்டாள். கண்டாக்கு ஐயாவிடமும் போனாள். அவர் படித்தவர், துவக்கு தெரிந்தவர். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பங்களாப் படியில் நின்று சிகரெட்டை உதறினார்.

“நானும் பாத்தேன். அது துவக்கு இல்ல, வெடிகுண்டு. அத வெடிக்கிறவன் பக்கத்துல மட்டும் நிக்காத.”

“வெடிக்கிறதே என் வீட்டுக்காரர்தானுங்க ஐயா. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டிருவாங்க.”

“கோயில் விசயத்துல நான் தலையிட ஏலாது. அப்பறம் சங்கம் என்னக் கேள்வி கேக்கும்.”

கேலி பேசித் தொடக்கி வைக்க மட்டும் வாய் இருந்தது. நிறுத்த வாய் இல்லை. திரும்பி வரும்போது அம்மா அந்த அவலை வழியில் மைனாக்களுக்குக் கொட்டிவிட்டாள். நான் கேட்டும் தரவில்லை.

திருவிழா அன்று விடியலில் அம்மா குளித்து, ஈரத்தலையோடு அடுப்பு மூட்டிச் சமைத்தாள். இதை நன்றாகக் கவனியுங்கள், அம்மாதான் சமைத்தாள். ஒரே காம்பராவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுப் பெண் தூரமானால் அடுப்புப் பக்கம் வரமாட்டாள், மூலையில் தனிச் சாக்கு, தனித் தட்டு. அந்தச் சாக்கு அன்றைக்குச் சுருட்டியபடியே பரணில் கிடந்தது.

ஓடைக்கரைக்கு எல்லாரும் போனோம். தப்பு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் பூசாரி கரகத்துக்கு வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார். கரகத்துக்குத் தள்ளி, கொய்யா மரத்தடியில், வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் துவக்கைக் கிடத்தியிருந்தார்கள். பித்தளை மூடிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. மருந்து முன்னையைவிட இரண்டு மடங்கு. மூடியைத் திருகித் திருகி மருமகன் வியர்த்துப்போயிருந்தான். திருகி முடித்தவன் துவக்கின் பக்கத்திலா நின்றான்? இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் ஏறி நின்றுகொண்டான், வேடிக்கை நன்றாகத் தெரியுமாம். கண்டாக்கு ஐயா அதைவிடத் தூரம், ரோட்டோரத்தில் குடை பிடித்து நின்றார். அப்பா மஞ்சள் வேட்டியோடு, அரை மீசையோடு, சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வலது கையில் காப்புக் கயிறு.

அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கரகத்தின் பக்கமே போகவில்லை, சுற்றிக்கொண்டு கொய்யா மரத்துக்குப் போனாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினாள். தேயிலை மலையின் தண்ணீர்க் கானைத் தாண்டுவதுபோல், அவசரமில்லாமல், ஒரு காலை எடுத்து வைத்து, மற்றக் காலையும் எடுத்து வைத்தாள். துவக்கைத் தாண்டிவிட்டாள்.

தாண்டி, திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

“நான் தூரமுங்க.”

தப்பு நின்றது. ஓடைத் தண்ணீர்ச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. பெண் ஒருத்தி தாண்டினாலே சாமிக்கு ஆகாது. அதிலும் தூரமானவள் தாண்டியது! பூசாரி வேப்பிலையைக் கீழே போட்டார்.

“அடி பாவி, ஆத்தா காரியத்துல தீட்டக் கலந்துட்டியே! இனி இத வெடிக்கப் படாது. எடுத்துட்டுப் போங்கய்யா அங்கிட்டு!”

கங்காணியின் முகம் சுருங்கிப் போனது. அவருக்கு ஆத்தாவைப் பற்றிக் கவலை இல்லை, மூடியைக் காட்ட முடியவில்லை என்றுதான் கவலை. அப்பா வந்தார். காப்புக் கட்டிய கையால், அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். ஐந்து விரலும் பதிந்தது.

அம்மா அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை அப்போது நான் பயம் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கும் சில நேரம் ஆண்களின் புத்திதான்.

கரகம் அந்த வருடம் சீனவெடிச் சத்தத்தில் எழும்பியது. மேல் லயங்களில் பலருக்குக் கேட்கவில்லை, குடம் வராத வாசல்கள் உண்டு. அதற்கும் அம்மாதான் காரணம். கூட்டம் போட்டு, கோயிலுக்கு ஒரு சேவலும் தேங்காய்களும் தண்டம் வைத்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அம்மாவின் பக்கத்தில் கூடை வைக்கவில்லை. உங்கள் அம்மாமார் உங்களை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கும் கங்காணி வாசல் மூடிப்போனது. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று பேர். ஆகையால் கங்காணி பன்றி வேட்டைக்குப் போனபோது அப்பாவைக் கூப்பிடவில்லை. துவக்கை மஞ்சள் தண்ணீரில் கழுவி, விபூதி பூசித் தீட்டுக் கழித்து, மருமகனைக் கூட்டிக்கொண்டு தானே போனார். பொழுது சாய்கிற நேரம், மரவள்ளித் தோட்டத்தில் பன்றி கிண்டிக்கொண்டிருந்ததாம். கங்காணி குறி பார்த்தாராம். பன்றி ஓடிவிட்டது. பித்தளை மூடிதான் சுட்டது, சுட்டவரையே சுட்டது.

சாக்கைக் கம்பில் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போனார்கள். கறுப்புக் கோட்டு முழுக்க இரத்தம். வலது கட்டைவிரலும் பக்கத்து விரலும் இல்லை, கன்னம் கிழிந்திருந்தது. அந்தக் கூழ்முட்டை நாற்றம். அதற்குப் பிறகு எனக்கு அந்த நாற்றம் பிடிக்காமல் போனது. மருமகன் லொறியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன், அங்கிருந்தே நுவரெலியாவுக்குப் போய்விட்டான். சட்டைப்பையில் திருப்புளி இருந்திருக்கும்.

இனிமேல்தான் இருக்கிறது நம் ஆட்களின் அறிவு. அடுத்த நாள் பெரட்டில் என்ன பேச்சு? மூடி கழன்றது என்றா? அறுத்து ஒட்டியது தப்பு என்றா? ஒருவர் வாயிலும் வரவில்லை.

“தீட்டுப் பட்ட துவக்குல்ல, வெடிக்காம என்னா செய்யும்?”

அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது. பொசுங்கிய மீசையைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். கண்டாக்கு ஐயாவும் ஆட்டினார், அவருக்கும் அது வசதியாக இருந்தது. கங்காணியின் மனைவி எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

“என் தாலிய அறுக்கப் பாத்தியேடி! ஒன் தீட்டு அவரு கைய வாங்கிருச்சே!”

அம்மா முந்தானையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“ஆமாங்க, என் தீட்டுதான். ஒங்க மருமகன் கை தங்கக் கை” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, உலையில் அரிசியைப் போட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்:

“நீ அன்னைக்குத் தூரமே இல்லையேம்மா. நீதான சமைச்ச? சொல்லிரு, அப்ப அவங்க தீட்டுன்னு சொல்ல ஏலாதுல்ல?”

அம்மா என் வாயைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசம்.

“சொன்னா? ஆத்தா முன்னால பொய் சொன்னதுனாலதான் வெடிச்சுச்சும்பானுங்க. இவனுங்களுக்குத் துவக்கு மட்டும் தப்பே செய்யாது புள்ள.”

“ஆத்தாவுக்குக் கோவம் வராதா?”

“அவளும் பொம்பளதான? அவளுக்குத் தெரியும்.”

பிறகு அந்த வாயை அவள் திறக்கவே இல்லை. நானும் திறக்கவில்லை. இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன், அம்மா அன்றைக்குத் தூரமில்லை. தீட்டே இல்லாத துவக்குத்தான் வெடித்தது. இனியாவது கதையைத் திருத்திச் சொல்லுங்கள்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருடம் கவ்வாத்து வெட்டினார். ஒரே வீச்சு, பட்டை பிய்யாது. அந்தக் கையால் பிசைந்துதான் அம்மா ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டார். தீட்டுக் கதையை மற்றவர்கள் பேசும்போது மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கங்காணி இடது கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பொழுதுக்கும் தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம். ஒரு வார்த்தை இல்லை. ஐந்து விரலும் மிச்சமிருந்த மனிதனுக்கு நாக்கு மட்டும் மிச்சமில்லை.

கங்காணி முதலில் போய்ச் சேர்ந்தார். பிணத்துக்குக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள் அல்லவா? ஒரு கையில் விரல் இல்லை. துணித்துண்டை வைத்துக்கொண்டு ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாவு வீட்டிலும் அவர்களுக்கு அறுத்து ஒட்டுகிற யோசனைதான். கடைசியில் மணிக்கட்டைச் சேர்த்து ஏதோ கட்டிவிட்டார்கள். பெண்கள் வரிசையில் அம்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அப்பா போனார். எனக்குக் கல்யாணமாகி மூத்தவன் கைக்குழந்தை. குளிப்பாட்டிக் கிடத்தியதும் பங்காளி ஒருவர் வெள்ளைத் துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். அம்மா எழுந்தாள்.

“இங்க குடுங்க. நான் கட்டுறேன்.”

“பொம்பளைங்க கட்டுற வழக்கம் இல்லக்கா.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். துண்டு கைக்கு வந்தது. அப்பாவின் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தாள். வலது கட்டைவிரலின் அடியில் அந்தக் காய்ப்பு அப்படியே இருந்தது. அதைத் தன் நகத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, நிமிர்ந்து, சுற்றி நின்ற எல்லா மீசைகளையும் பார்த்துச் சொன்னாள்:

“பாத்துக்குங்க. ரெண்டும் இருக்கு.”